மீட்பு

‘மீள்’ என்றால் திரும்பி வருதல்; ‘மீட்டல்’ திரும்பக் கொண்டுவருதல். அதிலிருந்து பிறந்தது மீட்பு. அடகுக்கடையில் அசலும் வட்டியும் எண்ணி வைத்த பிறகுதான் அம்மாவின் சங்கிலி அந்தச் சின்னக் காகித உறையிலிருந்து வெளியே வரும். ‘நகையை மீட்டாச்சு’ என்பார்கள்.

பாவத்திலிருந்து மீட்பு என்று கிறிஸ்தவர்கள் சொல்லும்போதும் அப்படி ஒருவர் கொடுத்த விலை உள்ளே இருக்கிறது. ரோமர் 3:24இல் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் அப்பொலுட்ரோசிஸ். அதில் உள்ள லுட்ரோன், அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கொடுத்த பணம். தமிழ்ச் சொல் இவ்வளவு நெருங்கி நிற்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மீட்ட நகை மறுபடி அடகுக்குப் போவதற்கல்ல. ரோமர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் வற்புறுத்துவதும் அதுதான்: பாவத்துக்கு உழைத்த அதே கைகால்கள் இனி நீதிக்கு உழைக்க வேண்டும்.