கதர்த் தள்ளுபடியும் காத்திருந்தோர் வரிசையும்

காந்தியடிகளின் பிறந்தநாள் நெருங்குவதைத் தலைநகர்வாசிகள் நாட்காட்டி பாராமலே அறிந்த காலம் ஒன்று இருந்தது. கன்னாட் பிளேஸ் ரீகல் கட்டடத்துக் கதர் பவன் முன் நீண்ட வரிசையே அதனைச் சொல்லிவிடும்.

1957 ஏப்ரலில் பணி தொடங்கிய கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் வழியே அரசின் தள்ளுபடி கிடைத்துவந்தது. விலை குறைந்தது, காத்திருப்போ மும்மடங்காயிற்று. துணியைக் கிழித்துச் சீட்டெழுத ஒரு வரிசை, பணம் செலுத்த ஒரு வரிசை, பொட்டலம் பெற மற்றுமொரு வரிசை. முன்னிற்பவர் போர்வைகளை ஒவ்வொன்றாய் விரித்துப் பார்க்க, பின்னிற்பவர் விற்பனையாளரைச் சாடுவார். அவர் என் செய்வார்? தள்ளுபடித் தொகையை அரசு ஈடுசெய்தாக வேண்டும்; அதற்கு ஒவ்வொரு விற்பனைக்கும் சீட்டு வேண்டும். தணிக்கையின் இயல்பை அறிந்தோர் அவரை நோவார் அல்லர்.

குறை வேறிடத்தில் இருந்தது. தள்ளுபடியின் பயன் நேரே சேர்ந்தது வாங்குவோரிடமே. இராட்டை சுழற்றிய பெண்ணுக்கு அதில் தனிப்பங்கு ஏதுமில்லை. சிக்கனம் அறிந்தோர் தள்ளுபடி நாளுக்கெனக் காத்திருந்தமையால் ஏனைய திங்களில் துணி தேங்கிற்று. 2010 ஏப்ரலில் அரசு அம்முறையைக் கைவிட்டுச் சந்தை வளர்ச்சி உதவித் திட்டத்தைக் கொணர்ந்தது. உற்பத்தி மதிப்பில் 20 விழுக்காடாகிய அவ்வுதவியில் காற்பங்கு நூற்போர்க்கும் நெய்வோர்க்கும் என வகுக்கப்பட்டது.