நந்தகுமார், மகாராஜா

நந்தகுமார் வங்க நவாபின் அவையில் பெரும் பதவிகள் வகித்தவர். கள்ளப் பத்திரம் புனைந்தார் என்ற குற்றத்துக்காக 1775 ஆகஸ்ட் 5 அன்று கல்கத்தாவில் தூக்கிலிடப்பட்டார்.

பீர்பூம் மாவட்டத்துப் பத்ரபூரில் பிறந்தவர். 1757-இல் ஹூக்ளியின் ஃபௌஜ்தார், அதாவது படை அதிகாரி. கும்பெனித் தளபதி கிளைவ் பிரெஞ்சுக்காரரின் சந்திரநகரைத் தாக்கியபோது நவாபின் படையை விலக்கிக்கொண்டார். கும்பெனியிடம் கைநீட்டிவிட்டார் என்று அப்போதே பேச்சு. 1764-இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் இவருக்கு மகாராஜா பட்டம் அளித்தார்.

1772-இல் சிறுவனான நவாபுக்குக் காப்பாளராக முன்னி பேகத்தை வங்க ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் நியமித்தார். அரண்மனை நிர்வாகம் நந்தகுமாரின் மகன் குருதாஸுக்குக் கிடைத்தது. இந்த நியமனங்களுக்காக ஹேஸ்டிங்ஸ் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் லஞ்சம் வாங்கினார் என்று 1775 மார்ச்சில் நந்தகுமாரே ஆட்சிமன்றத்தில் புகார் கொடுத்தார். சான்றாகப் பேகத்தின் கடிதம் என்று ஒன்றை நீட்டினார். அதுவும் போலி என்றது ஹேஸ்டிங்ஸ் தரப்பு.

மே 6 அன்று நந்தகுமார் கைதானார். வழக்கு வேறு: இறந்துபோன லேவாதேவிக்காரர் புலாக்கி தாஸ் 48,021 ரூபாய் தரவேண்டும் என்று சொன்ன ஒரு நகைப் பத்திரம். அதிலிருந்த சாட்சி முத்திரைகளில் ஒன்று முகமது கமால் என்பவருடையது. அந்தக் கமால் நானே, என் முத்திரையை நந்தகுமாரிடம் கொடுத்தேன், திரும்பி வரவில்லை என்றார் கமாலுதீன் கான். அந்தக் கமால் வேறொருவர், இறந்தே போய்விட்டார் என்றது நந்தகுமார் தரப்பு. பத்திரம் பொய்யா மெய்யா என்பது இந்தச் சிறிய முத்திரையில்தான் பெருமளவு தொங்கியது.

ஜூரிகள் பன்னிருவரும் ஐரோப்பியர் அல்லது யுரேசியர். தலைமை நீதிபதி இம்பே, ஹேஸ்டிங்ஸின் பள்ளித்தோழர். பத்திர மோசடிக்கு மரணம் என்பது 1728-ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம். வங்கத்து வழக்கத்தில் அதற்கு உயிர் பறிக்கும் தண்டனை இல்லை. நந்தகுமார் குற்றவாளி என்றே கொண்டாலும், இந்தத் தூக்கு அநீதிதான்.

சாகுமுன் அவர் எழுதிய மனுவை ஆட்சிமன்ற உறுப்பினர் ஜெனரல் கிளாவரிங் தூக்கு முடிந்தபின்தான் ஆட்சிமன்றத்தில் வைத்தார். நீதிபதிகளை அவதூறு செய்கிறது என்று சொல்லி அதை எரிக்க உத்தரவிட்டார்கள். இம்பேமீது நாடாளுமன்றத்தில் வந்த குற்றச்சாட்டு 1788-இல் தோற்றது. விசாரணை நேர்மையானதே என்று 1885-இல் ஸ்டீபன் நூல் எழுத, மறு ஆண்டே பெவரிட்ஜ் அதை நீதியின் பெயரால் நடந்த கொலை என்று மறுத்தெழுதினார்.