கல்லும் வண்ணமும் சொல்லும்

பழனிக்கு மேற்கே, கொழுமம் செல்லும் வழியில் பாப்பம்பட்டியை அடுத்து நிற்கும் ஐவர்மலை, தமிழ்ச் சமணத்தின் தொன்மையான பள்ளிகளுள் ஒன்று. அங்குள்ள இயற்கைக் குகைத்தளத்தின் பாறை முகப்பில் 16 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒட்டி, அச்சணந்தி, இந்திரசேனன், மல்லிசேனர் முதலியோரின் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உளி உருவத்தை வடித்ததோடு நின்றுவிடவில்லை. அதனருகே எழுத்தையும் வைத்தது.

இம்மலையின் கல்வெட்டுகளுள் ஒன்று தனிச் சிறப்புடையது. சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டில் அது வெட்டப்பட்டது. சக ஆண்டும் ஆட்சியாண்டும் ஒருங்கே குறிக்கப்பட்டதால், அம்மன்னன் கி.பி. 862இல் அரசேறினான் என்பதை வரலாற்றறிஞர் உறுதி செய்ய முடிந்தது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், திருவயிரை எனப்பட்ட இம்மலையில் பார்சுவ படாரர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கினார் என்று அது கூறுகின்றது. அத்துடன், இடையறாத திருவமுதுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைக்கப்பட்டது.

இங்குச் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. சிற்பத்தைப் புதுக்குவது மட்டும் போதும் என்று சாந்திவீரர் எண்ணவில்லை. அதன் முன் நாள்தோறும் இருந்து காணவும் கற்கவும் கூடிய ஒரு துறவிக்கும் வழி செய்தார். காண்பார் இல்லாத கலை வெறுங்கல்லாகிவிடும் என்பதை அவர் நன்கு அறிந்திருக்க வேண்டும்.

வரகுணனின் தந்தை சீமாறன் சீவல்லபன் காலத்திலும் இத்தகைய பணி ஒன்று நடந்தது. மதுரை ஆசிரியர் இளங்கௌதமர், புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் அகமண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபமும் எடுப்பித்தார். அக்கோயில் விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் அதில் திளைக்கின்றன. பவ்வியர் மூவர் மலர் கொய்கின்றனர். சமவசரணத்தின் அகழியாக இதனை அறிஞர் விளக்குவர். இளங்கௌதமரின் திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டு வெறும் குறிப்பாக அமையவில்லை, செய்யுளாகவே அமைந்தது. வண்ணத்தின் அருகே வைக்கத் தகுந்தது பாட்டே என்று அக்காலத்தவர் கருதினர் போலும்.

இதே காலத்தை ஒட்டி வாழ்ந்தவர் எனப் பலரும் கருதும் திருத்தக்கதேவர், சீவக சிந்தாமணியில் ஓவியத்தைக் கதையின் உயிர்நிலையிலேயே வைத்தார். யானையிடமிருந்து குணமாலையைக் காத்த சீவகன், மனத்தில் நின்ற அவள் உருவை ஓவியமாகத் தீட்டுகின்றான்; அதனைக் கண்ட காந்தருவதத்தை ஊடுகின்றாள். சொல்லாமல் மறைத்த நெஞ்சத்தைச் சித்திரம் சொல்லிவிடுகின்றது. ஓவியத்தின் ஆற்றலை உணர்ந்த புலவராலன்றி இவ்வாறு புனைய இயலாது.

பிற்காலத்தில் சொல்லும் தன் கடனைத் திருப்பிச் செலுத்தியது. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், விசயநகர அமைச்சர் இருகப்பர் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் ரிஷபநாதர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் ஓவியங்களாயின. புராணம் கற்றோர் நாவிலிருந்த கதைகளை எழுத்தறியாதவரும் அண்ணாந்து பார்த்து அறிந்தனர். ஓவியங்களின் கீழே தமிழில் விளக்கமும் எழுதப்பட்டது.

உருவம் சொல்லைத் தூண்டுவதும், சொல் உருவத்தைக் காப்பதும் நம் முன்னோர் கண்ட நெறி. இன்று ஐவர்மலையின் திருவுருவங்களைக் காண்போர் உளர். அருகிலுள்ள வட்டெழுத்தைப் படிப்போர் மிகச் சிலரே. வெயிலும் மழையும் கல்லைத் தேய்ப்பது மெல்லவே நிகழும். படிக்கும் பயிற்சி ஒரு தலைமுறையிலேயே அற்றுப்போகும். பழனிப் பக்கம் செல்லும் குடும்பத்தினர் தம் மக்களை இம்மலைக்கு அழைத்துச் சென்று, திருவுருவத்தை வணங்கச் செய்வதோடு அதனருகிலுள்ள பெயரையும் படித்துக் காட்டுவாராக. சாந்திவீரர் வைத்த 505 காணம் என்றோ செலவழிந்தது. அவர் வேண்டிய காண்பாரும் கற்பாரும் இன்றும் தேவை.