மை தொடாத அச்சு

வங்கப் பஞ்சத்தை வரைந்த சித்தப்ரசாதின் சிறுநூலை ஆங்கில அரசு பறிமுதல் செய்து எரித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே 1943-ல் சிட்டகாங் பகுதியில் அவர் பின்னால் நோட்டும் கையுமாக அலைந்த இளைஞர் ஒருவர் உண்டு. பெயர் சோம்நாத் ஹோர். 1921-ல் பராமா கிராமத்தில் பிறந்தவர். பசியில் சுருண்டு கிடப்பவர்களின் எதிரே உட்கார்ந்து, கண்ணால் கண்டதை அப்படியே வரையும்படி அவரைப் பழக்கியவர் சித்தப்ரசாத்தான். அந்தப் படங்கள் கம்யூனிஸ்ட் கட்சி ஏடான ‘ஜனயுத்த’வில் வெளிவந்தன.

கட்சியே முயற்சி எடுத்து அவரைக் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்த்துவிட்டது. ஜைனுல் ஆபிதீனிடம் பாடம், சஃபியுத்தீன் அகமதுவிடம் மரச்செதுக்கு. 1946 டிசம்பரில் தெபாகா போராட்டத்தைப் பதிவுசெய்ய ரங்பூருக்குப் போனார். விளைச்சலில் பாதியாக இருந்த குடிவாரத்தை மூன்றில் இரண்டாக்கு என்பது உழவர்களின் கோரிக்கை. நாட்குறிப்பும் கோட்டோவியங்களுமாகத் திரும்பியவர், அந்த அனுபவத்தை மரச்செதுக்கிலும் கொண்டுவந்தார். கட்டையில் தோண்டிய இடம் வெள்ளையாக நிற்கும். தோண்டாமல் விட்ட இடம் மை வாங்கிக் கறுக்கும். உளி ஒருமுறை இறங்கிவிட்டால் திருத்த வழியில்லை. இருட்டில் கூடிய உழவர் கூட்டங்களுக்கு இதைவிடப் பொருந்தும் ஊடகம் எது?

பிறகு வாத்தியார் வாழ்க்கை. கல்கத்தாவில் சில ஆண்டுகள், 1958 முதல் டெல்லியில் அச்சுக்கலைப் பிரிவின் பொறுப்பு, அறுபதுகளின் கடைசியில் சாந்திநிகேதன் கலாபவன். தகட்டை அமிலம் அரிப்பதும் கூர்முனை கீறுவதும் உடம்பில் படும் காயமாகவே அவருக்குத் தெரிய ஆரம்பித்தன.

எழுபதுகளில் அது ‘காயங்கள்’ என்ற வரிசையானது. களிமண்ணைப் பலகைபோலப் பரப்பி, கத்தியால் கிழித்து, சூடு வைத்துப் பொசுக்குவார். அதன்மேல் சிமென்ட் வார்ப்பு எடுத்து, வார்ப்பில் காகிதக்கூழை அமுக்கிக் காயவிட்டு உரித்தால் வெள்ளைத் தாள் வரும். தாளெங்கும் கீறல், பொத்தல், புடைத்த தழும்பு. மை கிடையாது, அச்சு இயந்திரம் கிடையாது. ஒன்றிரண்டில் மட்டும் துளி சிவப்பு. அரசியலை விட்டு அருவத்துக்குள் ஒதுங்கிவிட்டார் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். பஞ்சப் படத்தைப் பார்க்கும்போது ‘ஐயோ பாவம், யாரோ’ என்று தள்ளி நின்றுகொள்ளலாம். ஆளே இல்லாத இந்தத் தாளில் அந்த வசதி நமக்கு இல்லை.

எழுபதுகளிலேயே வெண்கலத்துக்கும் கை போனது. வியட்நாம் மக்களின் போராட்டத்துக்கு மரியாதையாக 1977-ல் அவர் செய்துமுடித்த பெரிய சிற்பம், தாயும் சேயும், கலாபவனிலேயே களவு போனது. பிறகு கிடைக்கவே இல்லை. 2006 அக்டோபரில் அவர் காலமானார். பத்மபூஷண் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தது!

அடுத்த வாரம், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கப்போய், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, கலாபவன் வந்து சேர்ந்த கே.ஜி. சுப்பிரமணியன்.

(தொடரும்)