ஒரு பிரதி போதுமா?

நம் தோட்டத்து வீடுகளில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சேமநிதித் தாள்கள் எல்லாம் அதற்குள்தான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் பெருவெள்ளம் வந்தது. கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்களில் பல்லாயிரம் பேர் வீடுவாசலை விட்டு வெளியேறினர். தண்ணீர் இடுப்பளவு ஏறும்போது குழந்தையைத் தூக்குவோமா, பெட்டியைத் தூக்குவோமா? ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு தாள் போய்விட்டால், அதே குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவே நாம் அலைய வேண்டியிருக்கும். எழுதி வைத்ததைக் காப்பது எப்படி? இது மிகப் பழைய கேள்வி.

நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். சில நூறு ஆண்டுகளில் ஓலை செல்லரித்துவிடும். ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்து வந்தனர். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது, ஊர் ஊராகத் தேடிய பல பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் ஏட்டில் சிதைந்ததை இன்னோர் ஏடு தந்தது. பிரதிகள் பல ஊர்களில் இருந்ததே நூல்களைக் காத்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோதோ, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறு படியில்லாத சுவடிகள் அன்றோடு போயின.

ஓலையின் இடத்திற்குக் காகிதம் வந்தது. பிறகு கணினி வந்தது. 1956இல் ஐபிஎம் நிறுவனம் செய்த சேமிப்பு இயந்திரத்தில் 50 பெரிய காந்தத் தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளையே தாங்கின. இடம் அவ்வளவு அருமையாக இருந்ததால், சுருக்கும் வழிகளை அறிஞர்கள் தேடினர். 1977இல் லெம்பெல், சிவ் என்னும் இருவர், திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைச் சுருக்கி எழுதும் முறையை வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டுக்குப் பின், ஒரே பகுதி நூறு கோப்புகளில் இருந்தாலும் அதை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை நிறுவனங்களுக்குள் பரவியது. எப்படி என்கிறீர்களா? நூறு கடிதங்களில் ஒரே குறளை முழுவதுமாக எழுதுவதற்குப் பதில், குறள் எண்ணை மட்டும் குறிப்பது போலத்தான்.

ஆனால் இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. நூறு கடிதங்களும் ஒரே புத்தகத்தை நம்பியிருக்கும்போது, அந்தப் புத்தகம் எரிந்துவிட்டால் நூறு கடிதங்களிலும் வெறும் எண்தானே மிஞ்சும்? எனவே எவ்வளவுக்குச் சுருக்குகிறோமோ, அவ்வளவுக்கு இரண்டாவது பிரதி முக்கியமாகிறது. அதுவும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு ஜப்பான் சாட்சி. 2011 மார்ச் 11ஆம் நாள் ஆழிப்பேரலை மினாமிசான்ரிக்கு, ஒனாகவா, ரிக்குசெந்தகாத்தா, ஒட்சுச்சி ஆகிய ஊர்களின் அலுவலகங்களை அழித்தது. குடும்பப் பதிவேடுகளும் போயின. யாருக்கு யார் பிள்ளை, யாருக்கு யார் மனைவி என்பதற்கு அவையே ஆதாரம். நல்லவேளையாக, அவற்றின் நகல்கள் நீதித்துறை அமைச்சின் அலுவலகங்களில் இருந்தன. அவற்றைக் கொண்டு அடுத்த மாதமே பதிவேடுகள் மீட்கப்பட்டன. நகல் எடுத்த நாளுக்குப் பின் வந்த பதிவுகளை மட்டும் மறுபடி கேட்டுப் பெற வேண்டியிருந்தது. இந்தக் குறையைத் தீர்க்கவே இன்றைய சேமிப்பு இயந்திரங்கள், மாறிய பகுதியை மட்டும் பிரித்தெடுத்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தொலைவில் உள்ள இன்னோர் இயந்திரத்திற்கு அனுப்புகின்றன. மாறியதை மட்டும் அனுப்புவதால் இடமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

இத்தகைய இயந்திரங்கள் நிறைந்த தரவு மையங்கள் இன்று நம் ஜொகூரிலேயே, கூலாய் அருகே செடெனாக்கில் எழுந்துள்ளன. அவை பின்பற்றும் விதியை நாமும் வீட்டில் பின்பற்றலாம். முக்கியப் பத்திரங்களுக்கு நகல் எடுப்போம். அந்த நகலை அதே பெட்டியில் வைக்காமல், மேட்டுநிலத்தில் வேறு ஊரில் வாழும் உறவினரிடம் கொடுத்து வைப்போம். பத்திர எண்களைத் தனியே குறித்து வைப்போம். தேசியப் பதிவிலாகாவில் மறுபிரதி கேட்கும்போது அவை உதவும். புதிய பத்திரம் வந்ததும் நகலும் புதிதாகட்டும்.

ஓலைக்காலம் சொன்னதையே கணினிக்காலமும் சொல்கிறது. ஒரே இடத்தில் இருப்பது பத்திரமாக இருப்பதாகாது.