மகாராணி அனுப்பிய மஞ்சட் பூ

நான் கல்லூரியிற் படித்த காலத்தில் எங்கள் ஆங்கிலப் பாடநூலில் அடிக்கடி ஒரு பூ வந்துபோகும். அதன் பெயர் பிரிம்ரோஸ். "அது என்ன பூ, சேர்?" என்று கேட்டால், "ஒரு மஞ்சட் பூ" என்பார் ஆசிரியர். அதற்குமேல் அவரும் அதைக் கண்டதில்லை. வேர்ட்ஸ்வேர்த் 1819இல் வெளியிட்ட 'பீற்றர் பெல்' என்ற நெடுங்கவிதையில், ஆற்றங்கரையில் நிற்கும் பிரிம்ரோஸ் வெறும் மஞ்சட் பூவாக மட்டுமே தெரிகின்ற ஒரு மனிதன் வருகிறான். அவனை உணர்ச்சி மரத்தவனுக்கு உதாரணமாகக் காட்டுகிறார் கவிஞர். பூவையே காணாத நாங்கள் எந்த வகையில் சேர்த்தி என்று அப்போது எனக்கு ஒரு மனக்குறை இருந்தது.

பல்லாண்டுகள் கழித்து, ஓர் ஏப்ரல் மாதத்தில், இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் உறவினர் வீட்டுக்கு அருகேயிருந்த வேலியோரத்தில் அதைக் கண்டேன். சுருக்கம் விழுந்த இலைகளுக்கு நடுவே, நிலத்தோடு ஒட்டி, வெளிறிய மஞ்சளில் ஐந்து இதழ்கள். நடுவில் மட்டும் சற்று அழுத்தமான மஞ்சள். சொல்லப்போனால் பெரிய அழகியல்ல. ஆனால் இலையுதிர்ந்த மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்கையில், நான்கைந்து மாத இருளுக்கும் குளிருக்கும் பிறகு நிலத்திலிருந்து எழுகின்ற முதல் நிறங்களில் அது ஒன்று. 'முதல் ரோசா' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. ரோசாவுக்கும் அதற்கும் எந்த உறவுமில்லை என்பது வேறு விடயம். முந்திப் பூப்பதனால் முந்தி மடிவதும் அதன் விதி. கணவனைக் காணாமலே மறையும் கன்னியாக சேக்ஸ்பியர் அதை ஒரு நாடகத்திற் காட்டினார். மில்ற்றன், இளமையில் இறந்த நண்பனுக்குப் பாடிய இரங்கற்பாவில் அதற்கு இடங்கொடுத்தார்.

கவிஞர்களோடு நின்றிருந்தால் இப்பூவுக்குச் சரித்திரம் என்று ஒன்று இருந்திராது. அதை அரசியலுக்குள் இழுத்துவிட்டது ஒரு மரணம்.

1881ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆந் திகதி பெஞ்சமின் டிஸ்ரேலி காலமானார். இருமுறை பிரித்தானியப் பிரதமராயிருந்தவர், நாவலாசிரியர், 1876இல் விக்டோரியாவுக்கு 'இந்தியாவின் சக்கரவர்த்தினி' என்ற பட்டத்தைச் சட்டமாக்கிக் கொடுத்தவர். வழக்கம் இடங்கொடாமையால் மகாராணி இறுதிச் சடங்குக்குச் செல்லவில்லை. பதிலாக, பிரிம்ரோஸ் மலர்வளையம் ஒன்றை அனுப்பி, அவை அவருக்கு விருப்பமான மலர்கள் என்று ஒரு குறிப்பும் வைத்தார். முன்னரும் வைட் தீவிலுள்ள தமது ஒஸ்போர்ன் மாளிகையிலிருந்து அவருக்கு இப்பூக்களை அவர் அனுப்புவதுண்டு. டிஸ்ரேலியும் தேன் சொட்டும் நன்றிக் கடிதங்களை எழுதுவார்.

உண்மையில் அவருக்கு அந்தப் பூவிற் பிரியம் இருந்ததா? அவருடைய பரம வைரியான கிளாட்ஸ்டன் இதை நம்பவில்லை என்றும், டிஸ்ரேலி விரும்பியது பகட்டான லில்லிப் பூவையே என்று சொன்னாரென்றும் ஒரு கதை உண்டு. டிஸ்ரேலி 1870இல் எழுதிய 'லோத்தயர்' நாவலிலோ, பிரிம்ரோஸ் நல்ல சலாட்டாகும் என்று ஒரு பாத்திரம் பேசுகிறது! குறிப்பிலுள்ள 'அவர்' மகாராணியின் மறைந்த கணவர் அல்பேட்டைக் குறித்தது என்று வாதிப்போரும் இருந்தனர். என் எண்ணம் இது: மகாராணி கொடுத்த பூவை விரும்பாத மந்திரி எங்கே இருக்கிறான்? அவர் விரும்பினாரோ இல்லையோ, விரும்பினார் என்று மகாராணி நம்பினார். நாட்டுக்கு அது போதுமானதாயிற்று.

1883 ஏப்ரல் 19இல் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் டிஸ்ரேலியின் சிலை திறக்கப்பட்டபோது, கன்சர்வேட்டிவ் உறுப்பினர் பலர் சட்டையில் பிரிம்ரோஸ் செருகி வந்தனர். அந்தக் காட்சியே சேர் ஹென்றி டிறமண்ட் வூல்ஃபின் மனத்தில் ஒரு யோசனையைக் கிளப்பியது. அவரும் லோர்ட் ரண்டோல்ஃப் சேர்ச்சிலும் வேறு சிலருமாக அவ்வாண்டே 'பிரிம்ரோஸ் லீக்' என்ற சங்கத்தை ஆரம்பித்தனர். (சேர்ச்சில் என்றதும் நினைவுக்கு வருபவரின் தந்தைதான் இவர்.) அதே 1883இல் வந்த தேர்தற் சட்டமொன்று, கூலி கொடுத்து வாக்குக் கேட்க ஆள் வைப்பதைத் தடை செய்தது. ஆகவே கூலியில்லாத தொண்டர்கள் கட்சிக்குத் தேவைப்பட்டனர். வீடு வீடாகச் செல்லப் பெண்கள் முன்வந்தனர். 1891இல் அங்கத்தவர் தொகை பத்து இலட்சத்தைக் கடந்தது. 'நைற்' என்றும் 'டேம்' என்றும் பட்டங்கள், பதக்கங்கள், தேநீர் விருந்துகள் என்று பார்ப்பதற்கு விளையாட்டுப் போலவே இருக்கும். ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1918வரை உரிமையற்றிருந்த பெண்கள், பிறரை வாக்களிக்கச் செய்யும் வித்தையை இந்த மஞ்சட் பூவின் பெயரால் பழகினார்கள். பெண்ணுரிமை கோராத ஒரு கட்சி, தான் அறியாமலே பெண்களை அரசியலுக்குப் பழக்கியதை என்னால் புன்னகையின்றி எண்ண முடிவதில்லை. அச்சங்கம் 2004இல் கலைக்கப்பட்டது.

அன்பு பூவுக்கு நன்மையே செய்ததென்று சொல்வதற்கில்லை. ஏப்ரல் 19 'பிரிம்ரோஸ் தினம்' ஆனபின் கூடை கூடையாகப் பறித்து நகர வீதிகளில் விற்றார்கள். தோட்டத்தில் நடுவதற்கென வேரோடும் கிண்டினார்கள். நிலச் சொந்தக்காரரின் அனுமதியின்றிக் காட்டுச் செடிகளை வேருடன் பிடுங்குவதை 1981ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கிற்று.

இப்பூவை வெறும் பூவாக மட்டும் பாராத இன்னொருவர் சார்ள்ஸ் டார்வின். கென்றிலுள்ள தம் வீட்டருகே பூக்களைப் பிரித்துப் பார்த்து, பிரிம்ரோஸில் இருவகை உண்டென்பதை ஆராய்ந்தார். ஒன்றில் சூல்முடி குண்டூசித் தலைபோல வாயில் தெரியும், மகரந்தப் பைகள் உள்ளே தாழ்ந்திருக்கும். மற்றதில் மகரந்தப் பைகள் நூற்குஞ்சம்போல மேலே நிற்கும், சூல்முடி கீழே மறைந்திருக்கும். ஒருவகையின் மகரந்தம் மற்றவகையைச் சேர்ந்தால்தான் விதை நிறையப் பிடிக்கும் என்பதைத் தாமே மகரந்தம் சேர்த்து, விதைகளை எண்ணி நிறுவி, 1861இல் லின்னேயன் சங்கத்தில் சமர்ப்பித்தார். தமது சிறு கண்டுபிடிப்புகளில் இதைப்போல மகிழ்ச்சி தந்தது வேறில்லை என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இதன் உடன்பிறப்பான கவ்ஸ்லிப் பூவில் இந்த வேறுபாட்டைக் கிராமத்துச் சிறுவர்கள் ஏற்கெனவே கவனித்திருந்தனர் என்பதையும் அவர் மறக்காமற் குறித்தார். மாலை கோப்பதற்குக் குண்டூசி வகைதான் வசதியாம்.

அன்று கென்ற் வேலியோரத்தில் நானும் முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தேன். வழியிற் சென்ற ஒரு மூதாட்டி என்ன தொலைந்தது என்று கேட்டார். என் முன்னிருந்தது குண்டூசி வகை. நூற்குஞ்ச வகை இரண்டடி தள்ளி நின்றது.