உல்லாசக் கப்பலில் நிரந்தரக் குடியிருப்பு

உல்லாசக் கப்பலில் நிரந்தரக் குடியிருப்பு என்பது, ஆண்டின் பெரும்பகுதியையோ முழு ஆண்டையுமோ பயணிகள் கப்பலிலேயே கழிக்கும் வாழ்க்கை முறையைக் குறிக்கும். இவ்வாறு வாழ்வோருள் பலர் பணி ஓய்வு பெற்ற, வசதி படைத்த மேலைநாட்டு முதியவர்கள் ஆவர். உணவு, உறைவிடம், துப்புரவு, பொழுதுபோக்கு ஆகியவற்றைக் கப்பல் வழங்குகிறது. எனினும் குடியுரிமை, வரி, பெரிய மருத்துவச் சிகிச்சை, நிலையான முகவரி ஆகியவற்றுக்குக் கப்பல்வாசிகள் தொடர்ந்து நிலத்தையே சார்ந்திருக்கின்றனர்.

வகைகள்

கப்பலில் நிரந்தரமாக வாழ்வதை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

1. வழக்கமான உல்லாசக் கப்பலில் அடுத்தடுத்த பயணங்களுக்குத் தொடர்ச்சியாக முன்பதிவு செய்து தங்குதல்.
2. குடியிருப்புக் கப்பலில் ஓர் அறையை விலைக்கு வாங்கியோ, கப்பலின் உரிமையில் பங்கு பெற்றோ வாழ்தல்.
3. பல ஆண்டுகள் நீடிக்கும் உலகச் சுற்றுப் பயணத்தில் அறையை நீண்டகால வாடகைக்கு எடுத்தல்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் 2000 முதல் 2008 வரை 'குயீன் எலிசபெத் 2' கப்பலையே தம் வீடாகக் கொண்டிருந்தார். 2008-இல் அக்கப்பல் சேவையிலிருந்து விலக்கப்பட்டுத் துபாய்க்குக் கொண்டு செல்லப்பட்டதால் அவர் வெளியேற நேர்ந்தது.

குடியிருப்புக்கெனவே கட்டப்பட்ட கப்பல்களுள் பெயர் பெற்றது 'தி வேர்ல்ட்' ஆகும். சுமார் 196 மீட்டர் நீளமும் 165 குடியிருப்புகளும் கொண்ட இக்கப்பல் 2002-இல் பயணத்தைத் தொடங்கியது. இது குடியிருப்பாளர்களின் கூட்டு உரிமையில் உள்ளது. எந்தத் துறைமுகங்களுக்குச் செல்வது என்பதையும் அவர்களே கூடி முடிவு செய்கின்றனர்.

செலவு

முதியோர் இல்லத்தைவிடக் கப்பலில் வாழ்வது மலிவானது என்னும் கருத்து பரவலாக உள்ளது. இக்கருத்து பரவ 2004-இல் அமெரிக்க முதியோர் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் லிண்ட்குவிஸ்ட், கோலப் ஆகியோர் எழுதிய கட்டுரை ஒரு காரணமாகும். அதில் 20 ஆண்டுகளுக்குக் கப்பல் வாழ்வின் செலவு 2,30,497 டாலர் எனவும், உதவியுடன் கூடிய முதியோர் இல்லத்தின் செலவு 2,28,075 டாலர் எனவும் மதிப்பிடப்பட்டது. இக்கணக்கின்படி கப்பல் மலிவானது அன்று. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. மேலும் இம்மதிப்பீடு அமெரிக்க முதியோர் இல்லங்களின் கட்டணத்தை அடிப்படையாகக் கொண்டது. எனவே இதனை இந்தியச் சூழலுக்கு அப்படியே பொருத்த இயலாது.

பயணக் கட்டணத்துடன் மருத்துவக் காப்பீடு, இணைய இணைப்பு, கரைச் சுற்றுலா, பணியாளர்களுக்கான அன்பளிப்பு ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். தனியாக வாழ்பவர் இருவர் தங்கும் அறைக்குக் கூடுதல் கட்டணம் செலுத்துவதும் வழக்கமாகும்.

அன்றாட வாழ்க்கை

சமையல், துணி துவைத்தல், அறையைத் துப்புரவு செய்தல் போன்ற வேலைகள் இல்லாமை இவ்வாழ்க்கையின் முதன்மையான ஈர்ப்பு ஆகும். ஆனால் அறைகள் சிறியவை. உடைமைகளைப் பெரிதும் குறைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கப்பல்களில் செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. சில வாரங்களில் உணவுப் பட்டியல் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். வழக்கமான கப்பல்களில் சக பயணிகள் ஒவ்வொரு பயணத்திலும் மாறுவதால், நிரந்தரவாசிகளுக்கு நெடுநாள் பழக்கம் பெரும்பாலும் பணியாளர்களுடனேயே ஏற்படுகிறது. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ இறப்புக்கோ செல்ல வேண்டுமாயின், அடுத்த துறைமுகம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மருத்துவம்

உல்லாசக் கப்பல்களில் மருத்துவரும் செவிலியரும் பணியாற்றும் சிறு மருத்துவ நிலையம் இருக்கும். இங்கு முதலுதவியும் எளிய சிகிச்சைகளும் அளிக்கப்படும். பெரிய அறுவைச் சிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றுக்கு நோயாளி கரையில் இறக்கப்படுவார். நடுக்கடலில் நோய் முற்றினால், உலங்கு வானூர்தி எட்டும் தொலைவுக்குக் கப்பல் வந்து சேர வேண்டியிருக்கும். முதுமையில் மருத்துவத் தேவை பெருகுவதால், கப்பல் வாழ்வை நாடுவோருக்கே அதன் இக்குறை மிகுதியாகப் பொருந்துகிறது.

சட்ட நிலை

கப்பல் ஒரு நாடு அன்று. நடுக்கடலில் அது எந்நாட்டுக் கொடியைத் தாங்கியுள்ளதோ அந்நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டது. பல உல்லாசக் கப்பல்கள் பகாமாசு, பனாமா போன்ற நாடுகளில் பதிவு செய்யப்பட்டுள்ளன. அவற்றில் நெடுங்காலம் வாழ்வதால் மட்டும் அந்நாடுகளின் குடியுரிமை கிடைப்பதில்லை.

இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் செங்கன் நாடுகள், ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா ஆகியவற்றின் துறைமுகங்களுக்குச் செல்ல முன்கூட்டியே நுழைவுரிமை பெற வேண்டும். பொதுவாக விண்ணப்பதாரர் வசிக்கும் நாட்டிலேயே அதற்கு விண்ணப்பிக்க வேண்டியுள்ளதால், கப்பல்வாசி அதற்காகத் தாயகம் திரும்ப நேரிடலாம். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரையே வெளிநாட்டுக்கு அனுப்ப முடியும்.

எந்நாட்டிலும் வசிக்காதவர் எந்நாட்டுக்கும் வரி செலுத்த வேண்டியதில்லை என்பது ஒரு தவறான எண்ணமாகும். 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உடைய இந்தியக் குடிமகன், வசிப்பிடத்தின் அடிப்படையில் வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவராயின், இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார்.

பணியாளர்கள்

கப்பலில் நெடுங்காலம் வாழ்வோருள் மிகப் பெரும்பான்மையினர் பயணிகள் அல்லர், பணியாளர்களே. இவர்களுள் இந்தியர் கணிசமானோர். பொதுவாகப் பல மாத ஒப்பந்தத்தில் பணிபுரியும் இவர்களுள் பலர் சிறு அறைகளைப் பகிர்ந்து வாழ்கின்றனர். 2006-ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் இதனை ஏற்றது. இதன்படி ஓய்வு நேரத்தைக் கொண்டு வேலை வரையறுக்கப்படும்போது, பணியாளருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாட்களில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு அளிக்கப்பட வேண்டும். பயணிகள் அனுபவிக்கும் வேலையற்ற வாழ்க்கை இவர்களுடைய உழைப்பினாலேயே இயல்கிறது.

இடர்கள்

2020 பெப்ரவரியில் 3,711 பேருடன் ஜப்பானின் யோக்கோகாமாவில் தனிமைப்படுத்தப்பட்ட 'டயமண்ட் பிரின்சசு' கப்பலில் 700-க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டது. அக்கப்பலில் இருந்த 138 இந்தியருள் 132 பேர் பணியாளர்கள் ஆவர். அதே ஆண்டு மார்ச்சில் 'தி வேர்ல்ட்' கப்பலின் குடியிருப்பாளர்களும் கரையிறங்கினர்.

2023 நவம்பரில் தொடங்கவிருந்த மூன்றாண்டு உலகப் பயணம் ஒன்று, உரிய கப்பல் கிடைக்காமையால் கைவிடப்பட்டது. அதற்காக வீட்டை விற்றவர்களும் வாடகைக்கு விட்டவர்களும் தங்குமிடமின்றித் தவித்தனர். 2024 மே மாதம் பெல்பாசுட்டு நகரிலிருந்து புறப்படவிருந்த 'வில்லா வீ ஒடிசி' என்னும் கப்பல், பழுதுபார்ப்புப் பணிகளால் சுமார் நான்கு மாதங்கள் தாமதமானது. நிறுவனம் நொடித்தாலோ கப்பல் பழுதுற்றாலோ வீடே இல்லாமற் போகும் என்பது இவ்வாழ்க்கையின் அடிப்படையான இடர் ஆகும்.

இந்தியாவில்

சென்னையிலிருந்து 2022 சூனில் உல்லாசக் கப்பல் சேவை தொடங்கப்பட்டது. எனினும் அது சில நாள் சுற்றுலாவுக்கானதே, குடியிருப்புக்கானது அன்று. இந்தியாவில் நீர்மேல் நிலையாக வாழும் மரபுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சிறீநகரின் தால் ஏரி ஆகும். அங்கு அஞ்சி சமூகத்தினர் தலைமுறைகளாகப் படகுகளில் வாழ்ந்து வருகின்றனர். காஷ்மீரில் நிலம் வாங்க அனுமதி இல்லாத ஆங்கிலேயர் தங்குவதற்கு நாடியதால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குப் படகுவீடுகள் பெருகின. அப்படகுவீடுகள் பயணம் செய்வதில்லை. கரையை ஒட்டியே கட்டப்பட்டுள்ளன. சந்தை, பள்ளி, மருத்துவமனை, உறவினர் ஆகிய அனைத்தும் சிறு படகில் சென்றடையும் தொலைவில் உள்ளன. உல்லாசக் கப்பல்வாசி விட்டுச் செல்வது இவ்வண்மையையே ஆகும்.